எடுத்ததும் ஈடுசெய்ததும்: எண்ணெய்த் தேக்கங்களுள் வாயு செலுத்திய வரலாறு — ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

பதுளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, உமா ஓயாவின் பள்ளத்தாக்கை அணைத்துக் கிடப்பது வெலிமடை. மேலே தேயிலை மலைகள், கீழே உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் விளையும் படிவரிசைத் தோட்டங்கள், இடையிடையே நெல்வயல்கள். ஆற்றங்கரையிலே நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒலி விடியுமுன் எழும். அவ்வியந்திரத்தின் உணவு மண்ணெண்ணெய். மலைமேலுள்ள லயங்களிலும் மின்சாரம் வந்து சேரும்வரை பல தலைமுறைகளாக இரவை ஓட்டியது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே. எனினும் அவ்வெண்ணெயின் ஒரு துளியேனும் இம்மலைகளின் அடியிலே கிடையாது. ஊவாவின் பாறைகள் பெரும்பாலும் கேம்பிரியனுக்கு முந்திய காலத்து உருமாறிய பாறைகள். மிகுந்த வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் பளிங்குருவாகிய இப்பாறைகளிலே பெற்றோலியம் தோன்றித் தங்குவதற்கு இடமில்லை.

இவ்வாறாயின், எண்ணெய்த் தேக்கங்களுள் வாயுவைச் செலுத்தி எண்ணெயை மீட்ட வரலாற்றுக்கும் வெலிமடைக்கும் தொடர்பு யாது என்ற வினா எழுதல் இயல்பே. அதற்கான விடை அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்றிலே கிடைக்கின்றது. உமா ஓயாப் பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம் 2008ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. வெலிமடைப் பகுதியிலே புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள் கட்டி, ஆற்றுநீரை ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே வெல்லவாயப் பக்கத்துக்கு இறக்குவது அதன் அமைப்பு. 2014 டிசெம்பரிலே சுரங்கம் தோண்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையிற் பாறைப் பிளவுகளினூடாகப் பெருமளவு நீர் உட்பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் மறைந்தன, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இலே மக்கள் தெருவுக்கு வந்து போராடினர். நீரும் எண்ணெயும் வேறாயினும், நிலத்தடியிலுள்ள பாய்பொருளை எடுத்தால் அமுக்கம் குன்றும், அமுக்கம் குன்றினால் மேலேயுள்ளோர் வாழ்வு அசையும் என்னும் உண்மை இரண்டிற்கும் பொதுவாம். எண்ணெய்த் தொழில் இவ்வுண்மையைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எடுத்தது. அக்கல்வியின் வரலாற்றை ஆராய்வதும், அதிலே அறிவுக்கும் செயலுக்கும் இடையே நேர்ந்த நீண்ட தாமதத்திற்கான காரணத்தைத் தேடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாறையும் அமுக்கமும்

நிலத்தடியிலே எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கின்றது என்பது பரவலான தவறான எண்ணம். உண்மையிலே அது மணற்கல், சுண்ணாம்புக்கல் முதலிய அடையற்பாறைகளின் நுண்டுளைகளிலே, கடற்பஞ்சிலே நீர் நிற்பதுபோல நிற்கின்றது. மேலே நீரும் எண்ணெயும் புகமுடியாத மூடுபாறை; அதன் கீழே சில இடங்களில் வாயு; அதன் கீழே எண்ணெய்; அடியிலே உவர்நீர். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தின் அமுக்கம் இவையனைத்தையும் அழுத்திக்கொண்டிருக்கும். அவ்வமுக்கத்தால் எண்ணெயினுள்ளே பெருமளவு வாயு கரைந்திருக்கும்.

சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தால் நிகழ்வது யாவரும் அறிந்ததே. கரைந்திருந்த வாயு குமிழிகளாக விரிந்து, திரவத்தையும் தூக்கிக்கொண்டு மேலெழும். சிறிது நேரத்தில் வாயு போய்விட, திரவம் போத்தலின் அடியிலே அசைவற்றுக் கிடக்கும். எண்ணெய்க் கிணற்றின் வாழ்வும் இத்தகையதே. முதலிலே எண்ணெய் பீறிட்டெழும்; பின்னர்ப் பம்பியின் உதவி வேண்டும்; அதன்பின் பம்பியும் பயன்படாது. வாயுவை இழந்த எண்ணெய் தடித்து, பாறையின் துளைகளை விட்டு நகர மறுக்கும். இயற்கை உந்துதலை மாத்திரம் நம்பியிருந்த வயல்கள் பலவற்றில் எண்ணெயின் பெரும்பகுதி, பலவேளைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானது, நிலத்தடியிலேயே எஞ்சிக் கிடந்தது. இழந்த அமுக்கத்தைப் புறத்திலிருந்து மீளக் கொடுத்தல், அல்லது எஞ்சிய எண்ணெயின் இயல்பையே மாற்றி அதனை நகரச்செய்தல் ஆகிய இரண்டும் வாயு செலுத்தலின் பணிகளாம்.

கண்டறிவும் காலந்தாழ்த்தலும்

நவீன எண்ணெய்த் தொழிலின் தொடக்கம் 1859இலே ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே திற்றஸ்வில் என்னுமிடத்தில் எட்வின் டிரேக் தோண்டிய கிணறு என்பர். அதன் ஆழம் ஏறத்தாழ 69 அடி. அக்காலத்தில் வேண்டப்பட்டது விளக்கெண்ணெய் மாத்திரமே. எண்ணெயோடு வெளிவந்த வாயு ஒரு தொல்லையாகக் கருதப்பட்டுக் காற்றிலே விடப்பட்டது, அல்லது எரிக்கப்பட்டது. எண்ணெயை மேலே கொணர்ந்த உந்துசக்தியே அவ்வாறு வீணாகின்றது என்பதைப் பலர் உணர்ந்திலர்.

உணர்ந்தோர் சிலர் இல்லாமலில்லை. 1888இலே பென்சில்வேனியாவின் வெனாங்கோப் பகுதியிலே ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்பார், கீழ்மணற்படையிலிருந்து வாயு ஒரு கிணற்றின் வழியாக எண்ணெய்ப் படையினுட் புகுந்தபோது அயற்கிணறுகளின் விளைவு பெருகியதைக் கண்டார். ஒகையோ மாநிலத்திலே ஐ. எல். டன் என்பார் 1903இலே ஒரு கிணற்றினுள் வாயுவைச் சில நாள்கள் செலுத்திப் பின் அமுக்கத்தை விடுவித்தபோது எண்ணெய் மிகுதியாக வந்தது. 1911இலே அவர் வளியை அமுக்கிச் செலுத்தும் முறையை ஒரு வயலிலே நடைமுறைப்படுத்தினார். அம்முறை அப்பகுதி நகரொன்றின் பெயரால் மரியெற்றா முறை என வழங்கலாயிற்று.

எனவே, எடுத்ததற்கு ஈடாக வாயுவைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் மேலும் எண்ணெய் தரும் என்ற அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே பிறந்துவிட்டது. ஆயினும் அவ்வறிவு பெருவழக்காவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. அமுக்கிகள் அரியனவாகவும் விலைமிக்கனவாகவும் இருந்தமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் நிலவுடைமைச் சட்டத்திலே இருந்தது.

உடைமையும் ஒருங்கிணைப்பும்

அமெரிக்க நீதிமன்றங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஒரு கோட்பாட்டை நிலைநாட்டின. எண்ணெயும் வாயுவும் காட்டு விலங்கினை ஒப்பன. ஒருவனுடைய நிலத்தைவிட்டு மற்றவனுடைய நிலத்துக்குச் செல்ல வல்லன. ஆதலின் தன் நிலத்திலே கிணறு தோண்டி எடுத்தவனுக்கே அவை உரியன என்பது அக்கோட்பாடு. இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. ஒரே தேக்கத்தின் மேல் நூறு நிலக்காரர் இருப்பின், நூறு பேரும் விரைந்து எடுக்கவே முற்படுவர். பொறுத்திருப்பவனின் பங்கு அயலானின் கிணற்றுக்குப் போய்விடும். ஒருவன் தன் செலவிலே வாயுவை உட்செலுத்துவானாயின், அதனால் நகரும் எண்ணெய் பக்கத்து நிலத்தானுக்கே பயனாகக்கூடும். அத்தகைய நிலையிலே திருப்பிக் கொடுக்க முன்வருபவர் எவர்?

1930இலே கண்டுபிடிக்கப்பட்ட கிழக்கு ரெக்சாஸ் வயல் இவ்வவலத்தின் உச்சம். ஆயிரக்கணக்கான கிணறுகள் நெருக்கியடித்து எழுந்தன. அமுக்கம் விழுந்தது; அதனோடு எண்ணெயின் விலையும் விழுந்தது. 1931 ஓகஸ்ட் மாதத்தில் மாநில ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூடச்செய்ய வேண்டியதாயிற்று. அதன் பின்னரே எடுக்கும் அளவைச் சட்டத்தால் வரையறுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. ரெக்சாஸ் மாநிலத்திலே எண்ணெய்த் தொழிலை ஒழுங்குசெய்யும் அதிகாரம் இரயில்வே ஆணைக்குழுவிடம் இருந்தது. அது 1947இலே சீலிக்சன் என்னும் வயலிலே வாயுவை வீணே எரிப்பது நிற்கும்வரை கிணறுகளை மூடுமாறு கட்டளையிட்டது. நிறுவனங்கள் வழக்காடின. மாநில உயர்நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கம் நின்றது. வாயு இனிமேல் விற்கப்படவேண்டும், அல்லது நிலத்துக்கே திருப்பப்படவேண்டும் என்ற நிலை அவ்வாறு உருவாயிற்று.

ஒரு தேக்கத்தின்மேலுள்ள உரிமையாளர் அனைவரும் தத்தம் பங்குகளை ஒன்றாக இணைத்து, ஒரே அலகாக நிருவகித்து, வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் இக்காலத்திலே வளர்ந்தது. மேற்கு ரெக்சாஸின் கெலி-ஸ்னைடர் வயல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1948இலே கண்டுபிடிக்கப்பட்ட அவ்வயலின் அமுக்கம் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எண்ணெயின் மிகச்சிறு பங்கே அதற்குள் எடுக்கப்பட்டிருந்தது. அச்சமுற்ற உரிமையாளர் ஒன்றுகூடி அலகமைத்து, 1954இலே நீர் செலுத்தத் தொடங்கினர். வயல் காப்பாற்றப்பட்டது. எந்திரங்கள் அதற்கு முன்னரும் இருந்தன. இல்லாதிருந்தது பலர் ஒரு தேக்கத்தைத் தம் பொதுச்சொத்தாகக் கருதும் மனப்பாங்கும் அதற்கான சட்டமுமே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

காபனீரொட்சைட்டின் வருகை

இதுவரை கூறப்பட்டது அமுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் முறை. அடுத்த படி, எஞ்சிய எண்ணெயின் இயல்பையே மாற்றுவது. 1952இலே அத்லாந்திக் சுத்திகரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் காபனீரொட்சைட்டினால் எண்ணெயை மீட்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றனர். 31 பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 73 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலே இவ்வாயு, வாயுவுமன்றித் திரவமுமன்றி இடைப்பட்டதொரு நிலையை அடைகின்றது. அந்நிலையில் அது திரவம்போலக் கரைக்கும். வாயுபோல நுண்டுளைகளிற் புகும். எண்ணெயினுட் கரைந்து அதனை உப்பச்செய்யும். அதன் தடிப்பைக் குறைக்கும். அமுக்கம் போதிய அளவு உயர்ந்திருப்பின் எண்ணெயும் வாயுவும் ஒன்றோடொன்று முற்றாகக் கலந்து, இரண்டுக்குமிடையே எல்லையே இல்லாமற் போகும். எல்லை இல்லாதவிடத்து மேற்பரப்பிழுவையும் இல்லை. அதனாற் பாறைத் துளையிலே எண்ணெயைப் பற்றிவைத்திருந்த பிடி தளர்கின்றது.

ஆக்கவுரிமைக்கும் பெருநடைமுறைக்கும் இடையே மீண்டும் இருபது ஆண்டுகள் சென்றன. 1972 ஜனவரியிலே மேற்சொன்ன கெலி-ஸ்னைடர் வயலிலேயே காபனீரொட்சைட்டுச் செலுத்தல் பெருமளவிலே தொடங்கிற்று. அதற்கான வாயு வந்த இடம் சிந்திக்கத்தக்கது. ரெக்சாஸின் தென்மேற்கிலே இயற்கை வாயுவைத் தூய்மைசெய்யும் ஆலைகள், வேண்டாப் பொருளெனக் காபனீரொட்சைட்டைக் காற்றிலே விட்டுவந்தன. அதனைக் குழாய்வழியே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் கொணர்ந்து வயலிலே செலுத்தினர். ஓரிடத்துக் கழிவு மற்றோரிடத்து மூலப்பொருளாயிற்று. 2000ஆம் ஆண்டிலே கனடாவின் வெய்பேர்ன் வயலுக்கு அமெரிக்காவின் வட டக்கோட்டாவிலுள்ள நிலக்கரி வாயு ஆலையிலிருந்து எல்லை கடந்து குழாய்வழியே இவ்வாயு செல்லத் தொடங்கியதும் இவ்வழியிலேயே.

இம்முறையிலே இடர்களும் உள. வாயு எண்ணெயைவிட இலேசானது, மெல்லியது. ஆதலின் அது பாறையின் எளிய வழிகளைத் தேடி, விரல்கள்போல நீண்டு, எண்ணெயைத் தாண்டியோடிக் கிணற்றை அடைந்துவிடும். அதனைத் தடுக்கும்பொருட்டு வாயுவையும் நீரையும் மாறிமாறிச் செலுத்தும் முறை கையாளப்பட்டது. இவ்வாறெல்லாம் செய்தும், காபனீரொட்சைட்டு முறையாற் கூடுதலாகக் கிடைப்பது தேக்கத்தின் மூல எண்ணெயிலே பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 வரையான பங்கே.

வாயுவைக் கொண்டு அவசரப்படுவோர்க்கும் வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. மெக்சிக்கோவின் கந்தரெல் கடல்வயலிலே 2000ஆம் ஆண்டு முதல் நைதரசன் வாயு பேரளவிலே செலுத்தப்பட்டது. விளைவு விரைந்து பெருகி, 2004 அளவில் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய்களைக் கடந்தது. பின்னர் வாயு மேலிருந்து இறங்கி எண்ணெய்ப் படையை மெலிவித்தது. 2008இலே விளைவு ஏறத்தாழ அரைவாசியாயிற்று.

தாழ்ந்த கடற்றளமும் அணையாத சுவாலையும்

நோர்வேயின் எக்கோபிஸ்க் வயல் 1969இலே கண்டுபிடிக்கப்பட்டது. 1971இலே அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவொன்று வகுத்த பத்து எண்ணெய்க் கொள்கைகளுள், பயன்படத்தக்க வாயுவைச் சோதனைக் காலந் தவிர எரித்தலாகாது என்பதும் ஒன்று. விற்கமுடியாத வாயுவை நிறுவனங்கள் 1975 முதல் தேக்கத்துக்கே திருப்பின. அதனால் எண்ணெய் மீட்பும் உயர்ந்தது. ஆயினும் 1984இலே எவரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. வயலின் சுண்ணப்பாறை அமுக்கத்தை இழந்து நசுங்கியதாற் கடற்றளமே மீற்றர்க்கணக்கிலே தாழ்ந்திருந்தது. 1987இலே கடல்மேடைகளை 6 மீற்றர் உயர்த்தவேண்டியதாயிற்று. நீர் செலுத்தலும் விரிவாக்கப்பட்டது. கலிபோர்னியாவின் லோங் பீச் நகரிலே இதற்கு முன்னரே, எண்ணெய் எடுத்ததால் துறைமுகப்பகுதி நிலம் ஏறத்தாழ 29 அடி தாழ்ந்திருந்தது. 1958 முதல் நீரைச் செலுத்திய பின்னரே அத்தாழ்வு கட்டுப்பட்டது. பண்டாரவளையில் வெடித்த சுவர்களை நினைவிற் கொண்டு இவற்றைப் படிப்போர்க்கு வேறு விளக்கம் வேண்டா.

நோர்வேயின் கொள்கைக்கு மறுதலையாக நிற்பது நைஜீரியாவின் கழிமுகம். அங்கும் சட்டம் இருந்தது. 1979இலே நிறைவேற்றப்பட்ட வாயு மீள்செலுத்தற் சட்டம், அனுமதியின்றி வாயுவை எரித்தலை 1984 ஜனவரி முதல் தடைசெய்தது. ஆனாற் சிறு தண்டப்பணம் கட்டி எரிப்பதே மீளச் செலுத்துவதிலும் மலிவாக இருந்தது. எனவே குடிமனைகளின் அருகே பத்தாண்டுக் கணக்கிற் சுவாலைகள் அணையாமல் எரிந்தன. அறிவும் உண்டு, சட்டமும் உண்டு, எந்திரமும் உண்டு. எனினும் அச்சுவாலையின் புகையை உண்ணும் மக்களுக்குக் குரல் இல்லாதபோது அவை மூன்றும் பயனற்றனவாயின.

இந்திய அனுபவம்

ஆசியாவின் தொல் எண்ணெய் வயல்களுள் ஒன்றாகிய அசாமின் டிக்பாயிலே 1889இல் எண்ணெய் கிடைத்தது. 1901இலே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. சுதந்திரத்தின் பின் குஜராத்திலும் 1974இலே மும்பைக் கடலிலும் பெருவயல்கள் காணப்பட்டன. குஜராத்தின் மெக்சானாப் பகுதியிலுள்ள பாலோல், சாந்தால் வயல்களின் எண்ணெய் மிகத் தடித்தது. இயற்கை உந்துதலால் அதனை எடுத்தல் அரிது. அங்கே எண்ணெய் மற்றும் இயற்கை வாயு நிறுவனம் துணிகரமானதொரு வழியைக் கைக்கொண்டது. அமுக்கிய வளியைத் தேக்கத்தினுட் செலுத்தி, எண்ணெயின் ஒரு சிறுபங்கை நிலத்தடியிலேயே எரியச்செய்தனர். அவ்வெரிவின் வெப்பம் எஞ்சிய எண்ணெயை இளக்க, எரிவாயுக்களும் நீராவியும் அதனைக் கிணற்றை நோக்கித் தள்ளின. 1990இலே பாலோலிற் சோதனை தொடங்கிற்று. 1997இலே இரு வயல்களிலும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒகையோவின் டன் 1911இலே செலுத்திய வளி, நெருப்பின் துணையோடு குஜராத்திலே மறுபிறவி எடுத்ததெனலாம்.

2019 ஜூலையிலே அதே நிறுவனம், கொயாலி சுத்திகரிப்பு ஆலையின் காபனீரொட்சைட்டைப் பிடித்துக் கந்தார் வயலிலே செலுத்துவதற்கு இந்தியன் எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி நிலத்தடியிலே நிலைத்திருக்கும் என்பது இத்தகைய திட்டங்களின் சிறப்பு. ஆனால் அதன் உதவியால் மேலே வரும் எண்ணெய் எரிந்து மீண்டும் அவ்வாயுவையே வெளிவிடும் என்பதும் மறைக்கத்தக்கதன்று. எண்ணெய் எடுக்கும் நோக்கமின்றி இவ்வாயுவைப் புதைத்துவைப்பதற்காகவே செலுத்தும் முறையை நோர்வே 1996இலே ஸ்லைப்னர் வயலிலே தொடங்கியது.

தமிழ்நாட்டின் காவிரிப் படுகையிலே நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் எடுக்கப்பட்டது. ஆயினும் வயலும் வாய்க்காலும் மிக்க அந்நிலத்திலே உழவரின் ஐயம் நாளடைவில் வளர்ந்தது. 2017இலே நெடுவாசலிலே பெரும் போராட்டம் நிகழ்ந்தது. 2020இலே காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. நிலத்தடிச் செல்வத்தைப் பற்றி நிலத்தின் மேலுள்ளோரும் தீர்ப்புச் சொல்லலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கையும் மன்னாரும்

இலங்கையில் எண்ணெயின் வரலாறு பெரும்பாலும் விநியோகத்தின் வரலாறே. பிறநாட்டு நிறுவனங்கள் மூன்றின் கையிலிருந்த வணிகத்தை அரசு மேற்கொள்ளும் பொருட்டு, 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. நட்டஈட்டுப் பிணக்கின் விளைவாக 1963இலே அமெரிக்கா உதவியை நிறுத்தியது. எனினும் 1964 தொடக்கத்திலே விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. 1969இலே சப்புகஸ்கந்தையிலே நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. மசகெண்ணெயோ முற்றிலும் இறக்குமதி.

நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு பளிங்குருப் பாறையாயினும், வடமேற்கிலே அடையற்பாறைகள் உள. சோவியத் ஒன்றியத்தின் துணையோடு 1970களின் நடுப்பகுதியிலே மன்னார்த் தீவின் பேசாலையிலே கிணறுகள் துளைக்கப்பட்டன. வணிகப் பயனுள்ள எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இலே கெயார்ன் நிறுவனம் மன்னார்க் கடலிலே, 1,300 மீற்றருக்கு மேற்பட்ட நீராழத்திலே, டொராடோ, பராகூடா எனப் பெயரிட்ட இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. பின்னர் எண்ணெய் விலை வீழ்ந்தது. 2015இலே அந்நிறுவனம் விலகிற்று. அவ்வாயு அபிவிருத்தி செய்யப்படாமலே கடலடியிற் கிடக்கின்றது.

அது என்றேனும் எடுக்கப்படுமாயின், அதற்கு முன்னரே வகுக்கவேண்டிய விதிகளை இதுவரை கூறிய வரலாறு சுட்டிக்காட்டுகின்றது. வீணே எரித்தலுக்கான தடை, மலிவான தண்டப்பணத்தால் மீறமுடியாததாக இருத்தல் வேண்டும். தேக்கம் எல்லை கடந்து விரிந்திருப்பின் ஒருங்கிணைந்த நிருவாகம் வேண்டும். மன்னார், புத்தளக் கரைகளின் மீனவர் கேட்கப்படுதல் வேண்டும். நோர்வே 1971இலே, எண்ணெய் ஓடத்தொடங்கிய ஆண்டிலேயே, தன் கொள்கைகளை எழுதிவைத்தது. நைஜீரியா எண்ணெய் எடுக்கத் தொடங்கி இருபதாண்டுக்கு மேற்சென்ற பின்னரே சட்டம் இயற்றியது.

முடிவுரை

2021 நவம்பரிலே மசகெண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இன்றிச் சப்புகஸ்கந்தை ஆலை மூடப்பட்டது. 2022இலே எரிபொருள் நிலையங்களிலே நீண்ட வரிசைகள் நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று. அவ்வெண்ணெயை நம்பியிருந்தோர் கரையோர மீனவரும் தோட்ட மக்களும் சிறு விவசாயிகளுமே. வெலிமடையின் உழவன் ஒருவன் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு பயிரைப் பார்த்துநின்ற அந்நாள்களில், தொலைநாட்டுத் தேக்கமொன்றின் அமுக்கமும் அந்நாட்டு அரசியலும் அவனுடைய வரப்புவரை நீண்டிருந்தன.

உமா ஓயாச் சுரங்கத்தின் நீர்ப்பாய்ச்சலைச் சீமெந்தும் பிற பொருள்களும் செலுத்தி அடைக்கப் பெருமுயற்சி வேண்டியிருந்தது. 2024 ஏப்பிரலிலே 120 மெகாவாற்று மின்னாற்றல் கொண்ட அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. வறண்ட தென்கிழக்குக்கு நீர் கிடைத்தது. இவை சிறு பயன்கள் அல்ல. ஆயினும் கிணறு வற்றிய குடும்பம் அக்கணக்கின் எந்த வரியிலே எழுதப்பட்டது என்ற கேள்வி எஞ்சுகின்றது. கெலி-ஸ்னைடர் வயலின் உரிமையாளர் ஒன்றுகூடியபோது, ஒவ்வொருவர் பங்கும் முதலிலே எழுதப்பட்ட பின்னரே செலுத்தற்கிணறு துளைக்கப்பட்டது. பண்டாரவளையிலோ துளைத்தல் முந்தியது. பங்கைப் பற்றிய பேச்சு, கிணறு வற்றிய பின்னரே எழுந்தது.

வாயு செலுத்திய வரலாறு முழுவதிலும் ஒரே ஒழுங்கு காணப்படுகின்றது. 1888இலே கண்டது 1911இலே செயலாயிற்று. 1952இலே எழுதியது 1972இலே நிகழ்ந்தது. 1979இலே சட்டமானது அதன்பின்னும் பல பத்தாண்டுகள் ஏட்டிலே கிடந்தது. அறிவு முந்துகின்றது, நீதி பிந்துகின்றது. இடைப்பட்ட காலத்தின் இழப்பை ஏற்போர் நிலத்தடியிற் பங்கில்லாதோரே. ஊவாவின் மலையடியில் எண்ணெய் இல்லை. ஆனால் நீருண்டு, அந்நீரின்மேல் லயங்களும் கிராமங்களும் வயல்களும் உண்டு. அடுத்த சுரங்கத்துக்கான முதற் பாறை உடைக்கப்படுமுன் அம்மலைமேல் வாழ்வோரின் கிணறுகள் கணக்கெடுக்கப்பட்டு, எடுக்கப்போவது எவ்வளவு, ஈடாகக் கொடுக்கப்போவது யாது என்பது அவர்கள் முன்னிலையிலே எழுதப்படுமாயின், தொலைநாட்டு எண்ணெய் வயல்கள் நூறாண்டு செலவழித்துக் கற்ற பாடம் வெலிமடைக்கு இலவசமாகக் கிடைத்ததாகும்.